மறுபடி கட்ட முடிகிறதா?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



திறமூல இயங்குதளத்தைக் கொண்டு உட்பொதி கணினிகளைக் கட்டுவது பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். வேறொரு கருவிக்குள் உட்கார்ந்துகொண்டு, கணினி என்று தன்னைக் காட்டிக்கொள்ளாமல் வேலை செய்யும் கணினியைத்தான் உட்பொதி கணினி என்கிறோம். வீட்டு ரவுட்டர், டிவி, கண்காணிப்பு கேமரா, தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுப் பெட்டி என்று அதன் உருவங்கள் பல. தொழிற்கூடத்தில் எல்லோரும் எம்பெடட் என்றே சொல்கிறோம். நானும் இரண்டையும் கலந்தே பேசுவேன்.

இந்தப் பேச்சு நம் நாட்டில் வழக்கமாக விலையிலிருந்து தொடங்கும். பெங்களூரில் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் ஒரு மென்பொருள் நிறுவனத்தாரும் சேர்ந்து சிம்ப்யூட்டர் என்ற கையடக்கக் கணினியைச் செய்தபோது லினக்ஸ் என்ற திறமூல இயங்குதளத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏழைக்கும் எட்டும் விலை வேண்டும் என்பது அதற்கு ஒரு காரணம். நியாயமான காரணம்தான். ஆனால் உரிமக் கட்டணம் இல்லை என்பதோடு கதையை முடித்துக்கொண்டால், திறமூலம் தரும் மிகப் பெரிய பலனை வாங்காமலேயே கடையை விட்டு வந்தவர்களாவோம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கருவி உங்களுடையதா என்பதை ஒரே கேள்வியால் சோதிக்கலாம். அதில் ஓடும் மென்பொருளை, எழுதியவர் பக்கத்தில் இல்லாமல், புதிதாக வாங்கிய ஒரு கணினியில், மூலநிரலிலிருந்து மறுபடி கட்டி, அதே கருவியில் ஏற்றி ஓட்ட முடியுமா? முடிந்தால் அது உங்களுடையது. முடியாவிட்டால், உள்ளே இருப்பது லினக்ஸே ஆனாலும், நீங்கள் விற்பது வேறொருவருடைய பெட்டியை. உரிமம் இந்தத் திறனுக்கு வழிவிடுகிறது. திறனை நாம்தான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். இதை ஏழு பகுதிகளாக விளக்குகிறேன்.

1. வழிவிட்ட உரிமம்

2002 கடைசியில் லிங்க்ஸிஸ் நிறுவனம் டபிள்யூஆர்டி54ஜி என்ற வைஃபை ரவுட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நீலமும் கறுப்புமான சிறு பெட்டி. உள்ளே பிராட்காம் சிப், 4 எம்பி ஃபிளாஷ், 16 எம்பி ரேம். 2003இல் அந்த நிறுவனத்தை சிஸ்கோ வாங்கியது. அதே ஆண்டு நடுவில், இந்தப் பெட்டிக்குள் லினக்ஸ் ஓடுகிறது, மூலநிரலோ தரப்படவில்லை என்ற பேச்சு லினக்ஸின் கருவான கெர்னலை எழுதுவோரிடையே எழுந்தது.

லினக்ஸ் கெர்னல் ஜிபிஎல் உரிமத்தின் இரண்டாம் பதிப்பின்கீழ் வருவது. பைனரியைக் கொடுத்தால் மூலநிரலையும் கூடவே கொடுக்க வேண்டும். அல்லது கேட்பவர் யாராக இருந்தாலும் தருவேன் என்று குறைந்தது மூன்று ஆண்டு செல்லுபடியாகும் எழுத்துறுதி கொடுக்க வேண்டும். நிறுவனம் மூலநிரலை வெளியிட்டது. அதை அடித்தளமாக வைத்து 2004 ஜனவரியில், ரவுட்டர்களுக்கான திறமூல மென்பொருளை உருவாக்கும் ஓப்பன்டபிள்யூஆர்டி திட்டம் தொடங்கியது.

இது வெறும் நாகரிகம் அல்ல, சட்டப்படி செல்லும் நிபந்தனை என்பதும் அதே ஆண்டு தெளிவானது. கெர்னலின் நெட்ஃபில்டர் பகுதியை எழுதியவர்களில் ஒருவரான ஹரால்ட் வெல்டே, சைட்காம் என்ற நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்கில், 2004 மே மாதம் மியூனிக் நீதிமன்றம் ஜிபிஎல் நிபந்தனைகளை உறுதி செய்தது.

நீலப் பெட்டியின் கதையில் நாம் கவனிக்க வேண்டியது இன்னொன்று. மூலநிரல் வெளிவந்த எல்லாக் கருவிகளும் இப்படிப் புதுவாழ்வு பெறவில்லை. இது பெற்றதற்குக் காரணம், வந்த நிரலைத் தொகுக்க முடிந்தது, தொகுத்ததைப் பெட்டியும் மறுக்காமல் ஏற்றுக்கொண்டது. 2005இல் வந்த ஐந்தாம் பதிப்பில் நிறுவனம் விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற மூடிய இயங்குதளத்துக்கு மாறி, ஃபிளாஷையும் ரேமையும் பாதியாகக் குறைத்தது. ஆனாலும் லினக்ஸ் ஓடும் வடிவத்தை டபிள்யூஆர்டி54ஜிஎல் என்ற பெயரில் தனியே விற்றது. மறுபடி கட்டக்கூடிய பெட்டிக்கென்றே ஒரு சந்தை உண்டாகியிருந்தது. 2024 நவம்பரில் ஓப்பன்டபிள்யூஆர்டி தன் பெயரிலேயே ஒரு ரவுட்டரைக் கொண்டுவந்தது.

2. கட்டுவது எதை?

மாணவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். லினக்ஸ் ஓடும் ஒரு சிறு கருவியில் நான்கு அடுக்குகள் உண்டு. மின்சாரம் வந்ததும் சிப்புக்குள் நிரந்தரமாக எழுதப்பட்ட சிறு நிரல் விழித்து, பூட்லோடரை நினைவகத்துக்குக் கொண்டுவரும். பெரும்பாலும் அது யு-பூட். அது ரேமைத் தயார்செய்து, கெர்னலை ஏற்றி, பொறுப்பை ஒப்படைக்கும். கெர்னல் வன்பொருளைக் கைக்கொண்டு ரூட் கோப்பமைப்பைத் திறக்கும். அதிலிருந்து முதல் நிரல் கிளம்பும். அது உங்கள் பயன்பாட்டு நிரலைக் கிளப்பும்.

ரூட் கோப்பமைப்பு எவ்வளவு சிறிதாக இருக்கலாம் என்பதற்கு பிஸிபாக்ஸ் நல்ல சான்று. டெபியனின் நிறுவல் அமைப்பை ஒரே ஃபிளாப்பியில் அடக்குவதற்காக 1995இல் புரூஸ் பெரன்ஸ் அதை எழுதினார். நூற்றுக்கணக்கான யூனிக்ஸ் கட்டளைகள் இன்று அந்த ஒரே பைனரிக்குள் இருக்கின்றன. எந்தப் பெயரில் அழைக்கிறோமோ அந்தக் கட்டளையாக அது நடந்துகொள்ளும். ஃபிளாப்பி போய்விட்டது, பிஸிபாக்ஸ் உலகெங்கும் ரவுட்டருக்குள்ளும் கேமராவுக்குள்ளும் குடியேறிவிட்டது.

இந்த நான்கு அடுக்கில் உங்கள் நிறுவனம் எழுதுவது பெரும்பாலும் கடைசி அடுக்கை மட்டும்தான். மற்ற மூன்றும் வேறெங்கோ பிறந்தவை. ஆனால் வாடிக்கையாளர் முன்னால் நான்குக்கும் நீங்கள்தான் பொறுப்பு.

3. சிப்போடு வந்த கெர்னல்

ஒரு சிப்பை வாங்கும்போது, அதைச் செய்தவர் ஒரு மென்பொருள் மூட்டையும் தருவார். போர்டு சப்போர்ட் பேக்கேஜ், சுருக்கமாக பிஎஸ்பி. அதில் அவர் கைவைத்த ஒரு கெர்னல் இருக்கும். முதல் நாளே திரை ஒளிரும், நெட்வொர்க் ஓடும், எல்லோருக்கும் மகிழ்ச்சி. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

அந்தக் கெர்னல் பழைய பதிப்பு ஒன்றின்மேல் ஆயிரக்கணக்கான திருத்தங்களைப் போட்டதாக இருக்கும். அவை எல்லோருக்கும் பொதுவான மூல லினக்ஸுக்குத் திரும்பிப் போயிருக்காது. கிராஃபிக்ஸுக்கோ வைஃபைக்கோ ஒரு பைனரி மாட்யூல் ஒட்டியிருக்கும். கெர்னலுக்கு உள்ளேயுள்ள இடைமுகங்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடியவை. மாற்றமாட்டோம் என்று லினக்ஸ் யாருக்கும் உறுதி தந்ததில்லை. ஆகவே அந்த மாட்யூல் ஒரு பதிப்போடு கட்டுண்டது. அதோடு சேர்ந்து நீங்களும் கட்டுண்டவர். சிப் நிறுவனத்தின் கவனம் அடுத்த சிப்புக்குப் போய்விடும். உங்கள் கருவியோ இன்னும் பத்து ஆண்டு சுவரில் தொங்க வேண்டும்.

2011இல் இந்தக் குழப்பம் லினஸ் டோர்வால்ட்ஸின் பொறுமையைச் சோதித்தது. ஆர்ம் சிப்புகளுக்கான நிரலில் ஒவ்வொரு போர்டுக்கும் தனித்தனி சி கோப்பு குவிந்துகொண்டே போவதை அவர் கடுமையாகக் கண்டித்தார். அதன்பின் ஆர்ம் உலகம் டிவைஸ் ட்ரீ முறைக்கு மாறியது. எந்த முகவரியில் எந்தச் சாதனம், எந்த இன்டரப்ட், எந்தக் கடிகாரம் என்ற விவரத்தைக் கெர்னலுக்கு வெளியே, தனி விவரக் கோப்பாக எழுதுவது அந்த முறை. ஒரே கெர்னல் பல போர்டுகளில் ஓட இது வழிசெய்தது. புதிய கெர்னலுக்கு மாறுவது எளிதானது.

ஆகவே சிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது விலைப்பட்டியலை மட்டும் பார்க்காதீர்கள். மூல லினக்ஸில் அந்தச் சிப்புக்கு எவ்வளவு ஆதரவு இருக்கிறது என்று பாருங்கள். கெர்னலை மூலத்திலிருந்தே எடுத்துத் தொகுத்து அந்தப் போர்டில் ஓட்டிப் பார்த்த பிறகே வாங்குவதை முடிவுசெய்யுங்கள். சில ரூபாய் கூடுதலானாலும் நல்ல ஆதரவுள்ள சிப்தான் கடைசியில் மலிவு.

4. கட்டும் முறையும் மூலநிரலே

ஜிபிஎல் இரண்டாம் பதிப்பில் பலரும் தாண்டிப் போகும் ஓர் இடம் உண்டு. முழுமையான மூலநிரல் என்பதற்குள், தொகுப்பதையும் நிறுவுவதையும் நடத்தும் ஸ்கிரிப்டுகளையும் அது சேர்த்தே சொல்கிறது. 1991இல் எழுதியது. நிரல் கோப்புகளை மட்டும் ஒரு ஜிப்பில் போட்டு நீட்டினால் கடமை முடியாது என்பதை அப்போதே உணர்ந்திருக்கிறார்கள்.

சிறு நிறுவனங்களில் நான் திரும்பத் திரும்பக் காணும் நிலை இது: கட்டும் முறை ஒரு பொறியாளரின் லேப்டாப்பில் இருக்கும். எந்தக் கம்பைலர் பதிப்பு, எந்தத் திருத்தம், எந்த வரிசை என்பதெல்லாம் அவர் நினைவில் இருக்கும். அவர் வேறு வேலைக்குப் போன மறுமாதம் வாடிக்கையாளர் ஒரு சிறு மாற்றம் கேட்பார். நிறுவனத்திடம் மூலநிரல் இருக்கும், கருவி இருக்கும். இரண்டையும் சேர்க்கும் வழிதான் இருக்காது.

இதற்கான மருந்தும் திறமூலத்திலேயே இருக்கிறது. பில்ட்ரூட் என்ற கருவி, ஓர் அமைவுக் கோப்பைப் படித்து, கிராஸ் கம்பைலர் முதல் ஃபிளாஷில் எழுத வேண்டிய இமேஜ் வரை எல்லாவற்றையும் தானே கட்டித் தரும். ஆண்டுக்கு நான்கு முறை புதிய பதிப்பு வருகிறது. ஓப்பன்டபிள்யூஆர்டியின் கட்டுமுறையே பில்ட்ரூட்டிலிருந்து கிளைத்ததுதான். இதைவிடப் பெரிய, பல வகைக் கருவிகளை ஒரே அடித்தளத்தில் செய்யும் நிறுவனங்களுக்கு, 2010இல் லினக்ஸ் பவுண்டேஷன் அறிவித்த யோக்டோ இருக்கிறது. கற்க நாளாகும், அடுக்கடுக்காகப் பிரித்து வைத்துக்கொள்ளும் வசதி அதற்கு ஈடுசெய்யும்.

எதைத் தேர்ந்தாலும் மூன்று கட்டுப்பாடுகள் வேண்டும். ஒவ்வொரு மென்பொருளின் பதிப்பையும் பெயரிட்டு நிறுத்திவையுங்கள். இறக்கிய மூலநிரல் தொகுப்புகளை உங்கள் சர்வரில் சேமித்துக்கொள்ளுங்கள். இணையத்தில் இன்று இருக்கும் முகவரி ஐந்து ஆண்டு கழித்து இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. விற்பனைக்குப் போகும் இமேஜை எவருடைய லேப்டாப்பிலும் கட்டாதீர்கள். அதற்கென்று ஒரு தனிக் கணினி வைத்து, அதிலேயே கட்டுங்கள்.

5. பத்திரம் ஒருவரிடம், சாவி இன்னொருவரிடம்

டிவோ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சிப் பதிவுக் கருவிக்குள் லினக்ஸ் ஓடியது. மூலநிரலையும் அந்த நிறுவனம் தந்தது. ஆனால் நீங்கள் திருத்திக் கட்டிய கெர்னலை ஏற்றினால், டிஜிட்டல் கையொப்பம் பொருந்தவில்லை என்று கருவி ஓட மறுக்கும். வீட்டுப் பத்திரம் உங்கள் பெயரில், சாவி மட்டும் விற்றவரிடம் என்பது போன்ற நிலை. 2007இல் வந்த ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு, வீட்டுப் பயன்பாட்டுக் கருவிகளில் இதைத் தடுக்க, நிறுவுவதற்கான தகவலையும் தரச்சொன்னது. லினக்ஸ் கெர்னல் இரண்டாம் பதிப்பிலேயே நின்றுவிட்டது.

அதற்காகக் கையொப்பமே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை யாரும் மாற்றாமல் விட்ட கேமராக்களையும் வீடியோ பதிவுப் பெட்டிகளையும் தேடிப் பிடித்துப் படையாக்கியது. அதன் கையில் இருந்தது 60-க்குச் சற்று மேற்பட்ட பயனர்பெயர், கடவுச்சொல் இணைகள்தான். அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று டைன் என்ற நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வர்கள் தாக்கப்பட்டு, ட்விட்டர் போன்ற பெரிய தளங்களே பலருக்கும் எட்டாமல் போயின. பிடிபட்ட பெட்டிகள் லினக்ஸ் ஓட்டியவைதாம். குற்றம் லினக்ஸுடையது அல்ல. எல்லாப் பெட்டிக்கும் ஒரே கடவுச்சொல் வைத்ததும், விற்ற பிறகு திருத்தம் அனுப்பும் வழியே பல கருவிகளில் இல்லாததும்தான் குற்றம்.

எனவே பாதுகாப்பான பூட் வேண்டும், கையொப்பமிட்ட புதுப்பிப்பும் வேண்டும். இமேஜுக்கு இரண்டு இடம் ஒதுக்கி, ஒன்று ஓடும்போது மற்றொன்றில் புதியதை எழுதி, அது சரியாகக் கிளம்பாவிட்டால் பழையதற்குத் திரும்பும் முறையைக் கடைப்பிடியுங்கள். இல்லாவிட்டால் பாதியில் மின்சாரம் போனால் கருவி செங்கல்லாகிவிடும். கேட்க வேண்டியது ஒன்றுதான்: சாவி யாரிடம்? ஒப்பந்தத்துக்கு வேலை செய்துகொடுத்த வெளி நிறுவனத்திடம் கையொப்பச் சாவி இருந்தால், மேலே சொன்ன அத்தனையையும் செய்தும் உங்களால் சொந்தக் கருவியில் ஒரு வரியை மாற்ற முடியாது.

6. லினக்ஸ் எங்கே வேண்டாம்

நம்மவர்க்கு ஒன்றைப் பிடித்துவிட்டால் எல்லா இடத்திலும் அதையே வைக்கத் தோன்றும். சில நூறு கிலோபைட் நினைவகமுள்ள மைக்ரோகன்ட்ரோலரில் லினக்ஸுக்கு இடமில்லை. அங்கே ஃப்ரீஆர்டிஓஎஸ் இருக்கிறது. 2016இல் லினக்ஸ் பவுண்டேஷன் தொடங்கிய ஸெஃபிர் இருக்கிறது. இவையும் திறமூலமே. மோட்டார் எப்போது நிற்க வேண்டும் என்பது போன்ற, காலம் தவறக்கூடாத முடிவுகளுக்கு அவையே ஏற்றவை. லினக்ஸை அந்தத் திசையில் கொண்டுபோகும் பிரீஎம்ப்ட்-ஆர்டி முயற்சி இருபது ஆண்டு நடந்து, 2024இல் வந்த 6.12 பதிப்பில்தான் மூலக் கெர்னலின் பகுதியாக முழுமை பெற்றது. இருந்தும் உயிர் சம்பந்தப்பட்ட வேலையை ஒரே சிப்பிடம் ஒப்படைக்க நான் தயங்குவேன்.

செவ்வாயில் பறந்த இன்ஜெனியூட்டி ஹெலிகாப்டரைப் பாருங்கள். 2021 ஏப்ரல் 19 அன்று முதல் பறப்பு. மூன்று மீட்டர் உயரம், 39 நொடி. அதற்குள் கைப்பேசிகளுக்கென்று செய்த ஸ்னாப்டிராகன் 801 சிப், அதில் லினக்ஸ், அதன்மேல் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம் 2017இல் திறமூலமாக வெளியிட்ட எஃப் பிரைம் மென்பொருள். ஆனால் நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை இறக்கையைத் திருத்தும் வேலையைத் தனி மைக்ரோகன்ட்ரோலர்களே பார்த்தன. படம் எடுப்பதும் வழி கணக்கிடுவதும் லினக்ஸ் பக்கத்தின் பொறுப்பு. இந்த வேலைப் பங்கீட்டைத்தான் நாம் கற்க வேண்டும்.

ஐந்து பறப்புக்குத் திட்டமிட்டார்கள். 2024 ஜனவரி வரை 72 முறை பறந்தது. வெறும் வன்பொருளின் உறுதி மட்டும் அதற்குக் காரணம் அல்ல. 2022 நவம்பரில், மேடுபள்ளமான தரையில் இறங்கும் திறனைத் தரும் புதிய மென்பொருளை இங்கிருந்து கட்டி அங்கே ஏற்றினார்கள். கையால் தொடவே முடியாத இடத்திலிருக்கும் கருவிக்கும் மறுபடி கட்டும் திறன் ஆயுளைக் கூட்டுகிறது.

7. கருவியின் வயதும் மென்பொருளின் வயதும்

கடைசிப் பகுதி, என் வாதத்தின் மையம். கைப்பேசியை மூன்று ஆண்டில் மாற்றுகிறோம். மின் நிலையக் கட்டுப்பாட்டுப் பெட்டியையோ ரயில்வே சிக்னல் கருவியையோ அப்படி மாற்ற முடியாது. நீண்டகால ஆதரவு என்று கெர்னல் சமூகம் அறிவிக்கும் பதிப்புக்கே இரண்டு ஆண்டுதான் தொடக்க உறுதி. பயன்படுத்துவோர் கைகொடுத்தால் நீளும். இந்த இடைவெளியை நிரப்பவே 2016இல் சிவில் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் பிளாட்ஃபார்ம் என்ற கூட்டுமுயற்சி தொடங்கியது. ஹிட்டாச்சி, சீமென்ஸ், தோஷிபா போன்றவர்கள் சேர்ந்து, தேர்ந்தெடுத்த கெர்னல் பதிப்புகளைக் குறைந்தது பத்து ஆண்டு பராமரிக்கிறார்கள். போட்டி நிறுவனங்கள் ஒரே மூலநிரலை ஒன்றாகக் காப்பது மூடிய மென்பொருளில் நடக்குமா?

சட்டமும் இந்தத் திசையில் வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் ரெசிலியன்ஸ் சட்டம் 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. முக்கியக் கடமைகள் 2027 டிசம்பரிலிருந்து கட்டுப்படுத்தும். கருவியின் ஆயுள் அதைவிடக் குறைவாக இருந்தாலொழிய, குறைந்தது ஐந்து ஆண்டு பாதுகாப்புத் திருத்தம் தர வேண்டும். அங்கே ஏற்றுமதி செய்யும் நம்மூர் நிறுவனங்களுக்கும் இது பொருந்தும்.

சட்டத்தைவிடக் கறாரான கெடு ஒன்று இருக்கிறது. 32 பிட் கணினிகளில் காலம் என்பது 1970 ஜனவரி 1 முதல் எண்ணிவரும் நொடிகள். அந்த எண் 2038 ஜனவரி 19 அன்று, இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்குத் தன் உச்சத்தைத் தொடும். அடுத்த நொடி கருவி 1901 டிசம்பருக்குப் போய்விடும். மின் கணக்கு, சான்றிதழ்ச் சோதனை, கால அட்டவணை எல்லாம் குலையும். இன்று பொருத்தும் கருவிக்குப் பதினைந்து ஆண்டு ஆயுள் என்றால், அது இந்த நாளைக் கடந்தாக வேண்டும்.

தீர்வு ஏற்கெனவே வந்துவிட்டது. 2020இல் வந்த கெர்னல் 5.6, 32 பிட் கருவிகளும் 2038-ஐக் கடக்க வழிசெய்தது. அதே ஆண்டு மஸ்ல் சி நூலகத்தின் 1.2 பதிப்பு காலத்தை 64 பிட்டாக்கியது. ஆனால் இந்தத் தீர்வை ஏற்கெனவே தொகுத்து வைத்த பைனரியின்மேல் பூசிவிட முடியாது. கெர்னல், நூலகம், உங்கள் பயன்பாட்டு நிரல் மூன்றையும் மறுபடி தொகுக்க வேண்டும். கட்டத் தெரிந்தவருக்கு இது ஒரு வாரச் சோதனை வேலை. கட்டும் வழியைத் தொலைத்தவருக்குக் கருவிகளைக் கழற்றி எறிவது தவிர வேறு வழியில்லை.

நண்பர்களே,

நம்மூரில் இதற்கான அடித்தளம் இல்லை என்று சொல்ல முடியாது. சென்னை ஐஐடியில் ஆர்ஐஎஸ்சி-வி கட்டளைத் தொகுப்பின்மேல் சக்தி என்ற திறமூலச் செயலிக் குடும்பத்தை வடிவமைத்து, 2018இல் லினக்ஸ் ஓடும் சிப்பாகவே கொண்டுவந்தார்கள். சிப்பின் வடிவமைப்பே திறந்து கிடக்கும் காலத்தில், அதன்மேல் ஓடும் இமேஜைக் கட்டத் தெரியாமல் நம் பொறியாளர்கள் வெளியே வரலாமா?

கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். இறுதியாண்டுத் திட்டங்களில் இன்று நாம் பார்ப்பது மேசைமேல் ஓடும் ஒரு கருவியையும் கட்டிய அறிக்கையையும். அடுத்த ஆண்டு முதல் ஒரு சோதனையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு குழுவின் மூலநிரலையும் கட்டும் குறிப்பையும் இன்னொரு குழுவிடம் கொடுங்கள். செய்த குழு அறைக்கு வெளியே இருக்கட்டும். இரண்டாம் குழு ஒரு வெற்றுக் கணினியில் தொடங்கி, இமேஜைக் கட்டி, கருவியில் ஏற்றி ஓட்டட்டும். ஓடினால் முதல் குழுவுக்குப் பாதி மதிப்பெண். இதற்குப் புதிய ஆய்வகமோ நிதியோ தேவையில்லை. தொழில்முனைவோரும் இதே சோதனையைத் தங்கள் அடுத்த பொருளை விற்பனைக்கு அனுப்புமுன் ஒருமுறை நடத்திப் பார்க்கலாம்.